நஷ்ட ஈடு: சட்டம் இழப்பை அளக்கும் முறை

(அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்த அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



நான் வழக்கறிஞன் அல்லன். பொருளாதாரம் பயின்று, அரசுக் கோப்புகளுடன் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவன். எனினும், "இழப்பு எவ்வளவு?" என்ற கேள்வி சட்டத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பொதுவானது. அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்துக்கு எஃகு அலமாரிகள் வழங்க ஒப்புக்கொண்ட ஒருவர் தவணை தவறிவிட்டார். அவர் கட்டியிருந்த காப்புத் தொகை முழுவதையும் பறிமுதல் செய்யலாம் எனக் குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். கோப்பு ஒரே ஒரு கேள்வியுடன் திரும்பி வந்தது: "நமக்கு ஏற்பட்ட நஷ்டம் என்ன?" கோப்பில் அதற்கு விடை இல்லை. பின்னர் அலமாரிகளை வேறிடத்தில் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைக்கூட எவரும் குறித்து வைக்கவில்லை.

ஈடு வேறு, தண்டனை வேறு

நஷ்ட ஈட்டின் அடிப்படை நோக்கம் தவறியவரைத் தண்டிப்பது அன்று. இழந்தவரைப் பணத்தால் இயன்ற அளவுக்குச் சரிக்கட்டுவதே. ஒப்பந்தம் மீறப்பட்டால், அது நிறைவேறியிருந்தால் அவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ அந்நிலையைச் சட்டம் கருதுகிறது. தீங்கியல் சட்டத்திலோ, அத்தீங்கு நேராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையே அளவுகோல்.

ஆனால் மீறலைத் தொடர்ந்து வந்த ஒவ்வோர் இழப்புக்கும் ஈடு கோர இயலாது. 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹேட்லி - பேக்ஸென்டேல் வழக்கில், குளோஸ்டர் நகர ஆலை ஒன்றின் உடைந்த இயந்திரத் தண்டைக் கொண்டு சேர்க்க வேண்டிய சரக்கு ஏற்றிச் செல்வோர் தாமதம் செய்தனர். அதுவரை ஆலை நின்றது. எனினும், மாற்றுத் தண்டு இல்லை, தாமதித்தால் ஆலை முடங்கும் என்ற சிறப்பு நிலைமை அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை எனக் கருதிய நீதிமன்றம், இழந்த லாபத்தை வழங்க மறுத்தது.

நமது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவும் இவ்வழியே செல்கிறது. இயல்பாக விளையும் இழப்புக்கும், ஒப்பந்த நேரத்தில் இரு தரப்பினரும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு உண்டு. தொலைதூர இழப்புக்கு இல்லை. இழப்பைக் குறைக்கக் கையிலிருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அப்பிரிவின் விளக்கம். கைகட்டி நின்று நஷ்டத்தை வளர்த்தவர், வளர்ந்த பகுதியைப் பிறர் தலையில் சுமத்த இயலாது.

1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த முரளிதர் சிரஞ்சிலால் வழக்கும் நினைவிற்கொள்ளத் தக்கது. கான்பூரில் ஒப்படைக்க வேண்டிய கித்தான் துணி ஒப்படைக்கப்படவில்லை. வாங்க இருந்தவர் கல்கத்தா விலையைக் காட்டினாரேயன்றி, கான்பூர்ச் சந்தை விலையை நிரூபிக்கவில்லை. வழக்கு தோற்றது.

அரசும் விதிவிலக்கன்று

ஒப்பந்தத்திலேயே ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தால்? 74-ஆவது பிரிவு, அத்தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு, நியாயமான ஈட்டை மட்டுமே அனுமதிக்கிறது.

உத்தரப் பிரதேசப் பகுதி ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் வழங்க 1947-இல் மௌலா பக்ஷ் என்பவர் ஒப்புக்கொண்டார். அவர் தவறியதால் 10,000, 8,500 ரூபாய் வைப்புத் தொகைகளை அரசு பறிமுதல் செய்தது. வேறிடத்தில் வாங்கிய விலையைக் காட்டி இழப்பை எளிதில் நிரூபித்திருக்கலாம். அரசு அதற்கு முயலவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1969-இல் கூறித் தொகையைத் திருப்பித் தரச் செய்தது.

2015-இல் தீர்ப்பான கைலாஷ் நாத் வழக்கும் இத்தகையதே. தில்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்ட மனைக்காகச் செலுத்தப்பட்ட 78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனை 1994-இல் 11.78 கோடிக்குப் போயிற்று. ஏலம் எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறவும் இல்லை, ஆணையத்துக்கு இழப்பும் இல்லை என்று கூறி, பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது நீதிமன்றம். இழப்பைத் துல்லியமாக நிரூபிக்க இயலாத ஒப்பந்தங்களில், முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்ட தொகை ஏற்கப்படும் என்பதும் உண்மையே. ஆனால் அது நிரூபிக்கக்கூடியதை நிரூபிக்காமல் விடுவதற்குச் சாக்காகாது.

உயிரின் கணக்கு

தீங்கியலில் அளவை மேலும் கடினமாகிறது. சாலை விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு என்ன தருவது? சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள் இதற்கு ஒரு சீரான முறையை வகுத்தன. மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய, சொந்தத் தொழில் செய்த 38 வயதினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை நம்பி நால்வர் உள்ளனர். ஆண்டு வருவாய் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக, சார்ந்தோரின் இழப்பு 28,35,000 ரூபாய். ஈமச் செலவு முதலியன தனி.

ஊதியமே இல்லாத இல்லத்தரசியின் இழப்பை எப்படி அளப்பது? அவருடைய உழைப்பை எங்கள் நாட்டு வருமானக் கணக்கு சேர்ப்பதில்லை. ஆனால் 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நேர்ந்த தீ விபத்து பற்றிய லதா வாத்வா வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் அவ்வுழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் எண்ணாமல் விட்டதை நீதிமன்றம் எண்ணியது.

இறுதியாக ஒன்று. 1968-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற ருதுல் சா, பீகார்ச் சிறையிலிருந்து வெளிவந்தது 1982-இல். 1983-இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாயை இடைக்கால ஈடாக அளித்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு அத்தொகை ஈடாகுமா? ஆகாது. ஆயினும் அரசு தன் தவற்றுக்குக் குடிமகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கொள்கை அதனால் நிலைபெற்றது.

நீங்கள் நாளை எழுதப்போகும் கோப்புகளில் இரு திசைகளிலும் இக்கேள்வி எழும். அரசு இழந்திருந்தால், இழப்பை அன்றே விலைச் சீட்டுடன் பதிவு செய்யுங்கள். அரசால் எவரேனும் இழந்திருந்தால், அவர் நீதிமன்றப் படி ஏறுமுன் அதே கவனத்துடன் அவருடைய இழப்பையும் எண்ணிப் பாருங்கள்.