சட்டைதான் எரிந்தது!

நடுவர் அவர்களே! கட்டடத்துக்கு முதலில் வேண்டியது அழகுதான்னு எதிரணிச் சகோதரி அழகாகப் பேசிட்டுப் போனாங்க. பழைய கட்டடத்துக்கு ஏ.சி.பி. போட்டாப் பளபளன்னு ஆயிடுமாம். (சிரிப்பு) போலீஸ் அதிகாரி இல்லைங்க, அலுமினியப் பலகை! அது ஒரு கிரீம் பிஸ்கட். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் கிரீம். அந்தக் கிரீம் பாலிஎத்திலீன் என்றால், அது பிளாஸ்டிக். தீப்பட்டா உருகும், சொட்டும், எரியும்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர். 24 மாடிக் கான்கிரீட் கட்டடம். 2016இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில் அதுக்கு இந்தச் சட்டையை மாட்டினாங்க. 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி, நாலாவது மாடி வீட்டுச் சமையலறையில் தீ. வெளியே வந்த தீ அரை மணி நேரத்துக்குள்ளே உச்சிக்கு ஏறிடுச்சு! 'வீட்டுக்குள்ளேயே இருங்க'ன்னு சொன்னதை நம்பி இருந்தவங்க பலர். போன உயிர் 72.

கான்கிரீட் எரியலை ஐயா, போட்ட சட்டை எரிஞ்சது! தீ பரவ முதன்மைக் காரணம் அந்தப் பலகைதான்னு 2019இல் விசாரணை அறிக்கை சொன்னது.

அழகே வேண்டாம்னு நான் சொல்லலை. எளிதில் தீப்பிடிக்காத கனிமம் வைத்த பலகையும் இருக்கு. கோட்டு சூட்டை மட்டும் பார்த்தா மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கறோம்? உள்ளே ஆள் எப்படின்னு விசாரிக்கிறோம்ல? அதுபோல, "என்ன கலர்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "நடுவிலே என்ன?"ன்னு கேளுங்க. முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் அழகு என்று கூறி அமர்கிறேன்.