ஒரு கல்லில் தொடங்கும் வரலாறு



ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து எழுதுவது வழக்கம். இன்று நாம் பேசப்போகும் சுக்காவுக்கு அந்த வழி இல்லை. இறப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்றோர் ஊர். அங்குள்ள புனித நிக்கோலஸ் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் நிற்கிறது. சொந்த ஊர் ஐக்கிய மாகாணத்துப் பரேலி. 1915 ஜனவரி 12இல் இறந்தார். வயது 30.

1914 இறுதியில் பிரான்சுப் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பிராக்கன்ஹர்ஸ்ட்டில் அவர்களுக்காக இயங்கியது லேடி ஹார்டிங் மருத்துவமனை. சுக்கா அங்கே துப்புரவுப் பணியாளர். இராணுவக் கணக்கில் அவர் சிப்பாய் அல்லர். 'ஃபாலோயர்', அதாவது படையின் பின்னால் வருகிறவர்.

சாதியும் கூடவே கப்பலேறியது. பிரைட்டன் அரண்மனையை இந்தியர்களுக்கான மருத்துவமனையாக்கியபோது சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப 9 சமையலறைகள் அமைத்தார்கள். குடிநீர்க் குழாய்கூட இந்துவுக்கு வேறு, முஸ்லிமுக்கு வேறு. இத்தனை ஆசாரத்துக்கும் நடுவே மலச்சட்டியை எடுக்க ஓர் ஆள் வேண்டுமே! அதற்கும் இந்தியாவிலிருந்தே ஆள் கொண்டுபோனார்கள்.

சுக்கா இறந்ததும், தீண்டப்படாதவர் என்று இந்துக்கள் எரிக்க மறுத்தார்கள்; தம் மதத்தவர் அல்லர் என்று முஸ்லிம்கள் புதைக்க மறுத்தார்கள்; கடைசியில் ஆலயத்துப் பாதிரியார் இடம் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கல்லை நட்டவர்கள் அந்தப் பங்கு மக்கள். கல்லிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர்களுக்கு நாம் நன்றி சொல்வோம். ஆனால் அந்தக் கல் அவரை எளிய ஊழியர் என்கிறது. அங்கேதான் நாம் மாறுபடுகிறோம். அது பெனிசிலின் இல்லாத காலம். எருவிட்ட வயல்களில் விழுந்தவர்களின் புண்ணில் கிருமி புகுந்து, சதை அழுகி, பலர் மாண்டார்கள். தரையைக் கழுவுவதும் கழிவை அகற்றுவதும் அன்றைக்குப் பாதி வைத்தியம். அதைச் செய்தவர் மருத்துவப் பணியாளர் இல்லையென்றால் வேறு யார்? கட்டுப் போட்ட கைக்குக் கிடைத்த பெயர், கழுவிய கைக்கு ஏன் கிடைக்கவில்லை?

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களிலும் மருத்துவமனையிலும் பட்டாளத்திலும் இந்த வேலை பார்த்த தாத்தாக்கள், பாட்டிகள் உண்டு. பெட்டியடியில் கிடக்கும் அவர்களுடைய பணிச்சான்றைத் தேடி எடுங்கள். இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சுக்காவுக்கு அந்நியர்கள் கல் நட்டார்கள். நம்மவர்களுக்கு நாம் எழுதுவோம்.