திரைக்குள் ஓடும் காரும் தி.நகர்ச் சாலையும்



நம் ஊர் இளைஞர்கள் பலர் இப்போது ஆர்வத்தோடு ஈடுபடும் ஒரு பயிற்சியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தானாக ஓடும் காரைக் கணினித் திரைக்குள் உருவாக்கிப் பார்க்கும் பயிற்சி அது. அங்கே உண்மையான காரும் கிடையாது, உண்மையான சாலையும் கிடையாது. திரையில் ஒரு சாலையை வரைந்து, ஒரு சிறு செவ்வகத்தைக் கார் என்று அதில் வைத்து, எதன்மீதும் மோதாமல் அது தானே ஓடும்படி நிரல் எழுத வேண்டும். இதைத்தான் சிமுலேஷன் என்கிறோம். சொல்லித்தரும் ஆசிரியர் எங்கோ ஒரு நாட்டில் இருப்பார். கற்பவர் சென்னையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ தன் வீட்டு மேசையில் அமர்ந்து, அவருடைய வீடியோ பாடத்தை ஓடவிட்டும் நிறுத்தியும் கற்றுக்கொள்கிறார். இந்தக் கல்வி எவ்வளவு தூரம் நல்லது, எந்த இடத்தில் அது போதாமல் நின்றுவிடுகிறது, அந்தக் குறையை நாம் எப்படி நிரப்பலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இது வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 அக்டோபரில் அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில், அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா ஒரு பந்தயம் நடத்தியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ என்ற வண்டி, ஓட்டுநர் இல்லாமலே சுமார் 212 கிலோமீட்டர் ஓடி முதல் பரிசை வென்றது. அந்தக் குழுவின் தலைவர் செபாஸ்டியன் த்ரன். 2011-இல் அவரும் கணினி அறிஞர் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, 2012 பிப்ரவரியில், ரோபோ காருக்கு நிரல் எழுதுவது எப்படி என்பதையே ஒரு தனிப் பாடமாக அவர் நடத்தினார். தான் எங்கே நிற்கிறோம் என்று வண்டி எப்படிக் கணிக்கிறது, வழியை எப்படித் தேடுகிறது, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது என்பதையெல்லாம் பைத்தான் மொழியில் எழுதிப் பார்க்கவைத்த பாடம் அது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குள் இருந்த வித்தை வீட்டு மேசைக்கு வந்தது அப்படித்தான்.

வீடியோ பாடம் என்பது நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் முன்பே, 2003-இல், ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கிவிட்டன. அதை ஒருங்கிணைத்தது நம் சென்னை ஐ.ஐ.டி. அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் எம். எஸ். அனந்த். 2014 முதல் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம் என்று ஆயிற்று. பாடம் கேட்கக் கட்டணம் கிடையாது. தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் நடத்திய மெஷின் லேர்னிங் பாடமும் ரீயின்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பாடமும், மிதேஷ் காப்ரா நடத்திய டீப் லேர்னிங் பாடமும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாடமும் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்தார் படேல் சாலையில் அந்த ஐ.ஐ.டி. வாசலைப் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே போகும் ஒரு மாணவர், உள்ளே நடக்கும் வகுப்பின் தரத்திலேயே ஒரு வகுப்பைத் தன் வீட்டில் கேட்க முடிகிறது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது ஒரு பாடத்தை அருகிலிருந்து பார்ப்போம். ஃபின்லாந்தில் பணியாற்றும் ராடு மாரியெஸ்கு இஸ்டோடோர் என்ற ஆசிரியர், தானாக ஓடும் காரை ஜாவாஸ்க்ரிப்ட்டில் எழுதக் கற்றுத்தரும் பாடம் ஒன்று யூடியூபில் இருக்கிறது. பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள் எதையும் அவர் துணைக்கு அழைப்பதில்லை. எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து தானே எழுதிக் காட்டுகிறார். விலை உயர்ந்த கணினியும் வேண்டாம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பும் அதில் ஒரு பிரவுசரும் இருந்தால் போதும்.

முதலில் கார் அம்புக்குறி விசைகளுக்கு நகர்கிறது. பிறகு அதற்குப் பார்வை வேண்டும். காரிலிருந்து முன்னோக்கி ஐந்து கோடுகள் விசிறிபோல விரிகின்றன. ஒவ்வொரு கோடும் சாலையின் ஓரத்தையோ இன்னொரு காரையோ எந்தப் புள்ளியில் வெட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடிப்பது நம் பள்ளிக்கூடக் கணக்கு. தேர்வுக்காக மட்டும் படித்து மறந்த அந்தக் கணக்கு, இங்கே காருக்குக் கண்ணாகிறது. வெட்டும் புள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற ஐந்து எண்களும் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்குக்குள், அதாவது எண்களை வாங்கி எடைபோட்டு முடிவு சொல்லும் கணக்கு வலைக்குள், போகின்றன. நடுவில் ஆறு கணுக்கள். வெளியே வருவது நான்கு முடிவுகள்: முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, பின்னே வா. அந்தக் காருக்கு உள்ள மூளை முழுவதும் அவ்வளவுதான்.

பிறகு ஒரே நேரத்தில் நூறு கார்களை ஓடவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் மூளையும் வேறுபட்டது. பெரும்பாலானவை உடனே மோதி நிற்கும். ஒன்றிரண்டு தட்டுத்தடுமாறி முன்னே போகும். அதிக தூரம் போன காரின் மூளையைச் சேமித்து, அதில் சிறு மாற்றங்கள் செய்து, மறுபடி நூறு கார்களை ஓடவிடுகிறோம். மாற்றத்தின் அளவைப் பூஜ்யமாக வைத்தால் நூறும் ஒரே மாதிரி ஓடி ஒரே இடத்தில் மோதும். மிக அதிகமாக வைத்தால் முன்பு கற்றதெல்லாம் போய்விடும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதைக் கற்பவர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பயிற்சியின் உயர்ந்த பாடம் என்று நான் கருதுவது இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. எந்தக் கார் நல்ல கார் என்று நாம் கணினிக்குச் சொல்ல வேண்டும். ‘மோதாமல் இருப்பதே நல்ல கார்’ என்று எழுதினால், கார் நகராமல் நின்றுவிடக் கற்றுக்கொள்ளும். நிற்கிற கார் எதிலும் மோதாது அல்லவா! ‘நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்’ என்று சேர்த்தால், ஒரே இடத்தில் வட்டமடிக்கக் கற்றுக்கொள்ளும். இரண்டிலும் கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் சரியாகச் சொல்லவில்லை. நான் விரும்புவது எது, அதை அளப்பது எப்படி என்று இப்படி யோசிக்கப் பழகிய ஒருவர், கார்த் தொழிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் தெளிவாகச் சிந்திப்பவராக ஆகிறார்.

ஆனால் வீடியோ பாடத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்பது வேறு, விடியற்காலையில் சரளி வரிசையை வாய்விட்டுப் பாடுவது வேறு. ஆசிரியர் எழுதிய வரிகளை அப்படியே பிரதி எடுத்து ஓட்டினால் கார் ஓடும், கல்வி நடக்காது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வீடியோவை நிறுத்தி, அடுத்து என்ன எழுதப்போகிறார் என்று தானே எழுதிப் பார்க்க வேண்டும். பிழை வர வேண்டும். அந்தப் பிழையோடு மல்லுக்கட்டும் நேரம்தான் படிக்கும் நேரம்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அந்தப் பாடத்தில் வரும் சாலையைக் கவனியுங்கள். மூன்று லேன்கள். எல்லா வண்டிகளும் ஒரே அளவு. எல்லாம் தத்தம் லேனின் நடுவே போகின்றன. நம் தி.நகர் உஸ்மான் சாலை அப்படியா? மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, பைக், தள்ளுவண்டி, பையோடு குறுக்கே கடக்கும் குடும்பம் எல்லாம் ஒரே பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் இருசக்கர வண்டிகள் இடுக்குகளில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. பாடத்தில் நன்றாக ஓடிய கார், இந்தச் சாலையை எழுதிக் கொடுத்தால் சிறிது தூரம்கூடத் தாண்டாது. அதன் ஐந்து கோடுகளும் முன்னால் மட்டுமே பார்க்கின்றன. இடப்பக்கம் பின்னாலிருந்து வரும் பைக் அதன் கண்ணிலேயே படாது.

நம் சாலையைக் கணினிக்குள் எழுதுவது எப்படி என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு மதிப்புமிக்க விடை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியராக இருந்த வி. தமிழரசனும் அவருடன் ஆய்வு செய்த ரீபு சக்கரியா கோஷியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பலவகை வண்டிகள் கலந்தோடும் நம் சாலைக்கென்றே ஒரு சிமுலேஷன் முறையைத் தந்தது. ஹெட்டரோசிம் என்று அதற்குப் பெயர். அதில் லேன் கிடையாது. சாலையின் முழு அகலமும் ஒரே பரப்பு. ஒவ்வொரு வண்டியும் அதனதன் நீள அகலத்துக்கேற்ற செவ்வகம். அதன் முன்பக்க இடது மூலை எங்கே இருக்கிறது என்பதை வைத்து வண்டியின் இடத்தைக் குறிக்கிறார்கள். நம் மக்கள் ஓட்டுவதை ஒழுங்கின்மை என்று ஒதுக்காமல், உள்ளதை உள்ளபடி பார்த்து, அதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று காட்டிய வேலை இது. தானாக ஓடும் காருக்காகச் செய்த ஆய்வல்ல என்றாலும், அந்தக் காரை நம் ஊர்ச் சாலையில் ஓடவிட நினைப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இதே உணர்வோடு ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஒரு பணி நடந்தது. ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,004 படங்களில், எது சாலை, எது ஆட்டோ, எது விலங்கு என்று 34 வகைகளாகப் பிரித்து அடையாளமிட்டு, இந்திய ஓட்டுதல் தரவுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். ஐரோப்பிய நகரப் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கணினிக்கு ஆட்டோ என்றால் என்னவென்று தெரியாது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

இப்போது சாலைக்கு அடியிலும் சற்றுப் பாருங்கள்: கச்சேரி சாலைக்கும் பனகல் பார்க்குக்கும் அடியில் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை அமைகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் அந்தப் பாதைக்கு ஓட்டுநர் இல்லாத ரயில்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. கீழே சாத்தியமாவது மேலே ஏன் இவ்வளவு கடினம்? கீழே தண்டவாளம் உண்டு, குறுக்கே வருபவர் இல்லை. மேலே ஒவ்வொரு நொடியும் ஒருவர் மற்றவரின் மனத்தைப் படித்து வழி விடுகிறார். பேருந்து ஓட்டுநரின் கையசைப்பு, ஆட்டோக்காரர் காலை வெளியே நீட்டிக் காட்டும் சைகை, ஹாரனின் நீளம் எல்லாமே அங்கே பேச்சு. ஒரு சிமுலேஷன் எழுத உட்கார்ந்தால்தான் நம் ஓட்டுநர்கள் அன்றாடம் எவ்வளவு நுட்பமான வேலை செய்கிறார்கள் என்பது விளங்கும். அவர்கள்மீது மரியாதை கூடும்.

இதைக் கேட்கும் சிலர் ஒன்று கேட்கலாம். 2017-இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, வேலைவாய்ப்பைப் பறிக்கும் ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னாரே, பிறகு இதைப் படித்து என்ன பயன் என்று. ஓட்டுநர்களின் பிழைப்பு பற்றிய அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்தக் கல்வி ஓட்டுநரை இறக்கிவிடுவதற்கு மட்டும் பயன்படுவதல்ல. முன்னால் யாரோ வருகிறார்கள் என்று எச்சரித்துத் தானே பிரேக் போடும் வசதிக்கும் இதே கணக்குதான். ஒரு சிக்னலில் பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும், பேருந்து நிறுத்தத்தை எங்கே வைத்தால் நெரிசல் குறையும் என்று செலவில்லாமல் சோதித்துப் பார்க்கவும் இதே சிமுலேஷன்தான்.

ஆகவே கற்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடத்தை முடித்த அன்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு லஸ் முனையிலோ அடையாறு எல்.பி. சாலையிலோ, பாதுகாப்பான ஓர் ஓரத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பைக், எத்தனை ஆட்டோ, எத்தனை பேருந்து என்று எண்ணுங்கள். ஆட்டோ எங்கே திடீரென்று நிற்கிறது, மக்கள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று குறியுங்கள். வீட்டுக்கு வந்து, பாடத்தில் எழுதிய மூன்று லேன்களை அழித்துவிடுங்கள். வண்டிகளுக்கு அவற்றின் உண்மையான அளவைக் கொடுங்கள். காரின் பார்வைக் கோடுகளை நாலா பக்கமும் விரியுங்கள். நடப்பவர்களையும் சேருங்கள், அவர்களுக்கே முதல் வழி என்று விதி எழுதுங்கள். கார் பலமுறை மோதும். பரவாயில்லை, திரைக்குள் யாருக்கும் அடிபடாது. அதற்காகத்தான் சிமுலேஷன்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பிள்ளை திரையில் சிறு செவ்வகங்களை நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கார் ஏன் நின்றது என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி விளக்கத் தெரிந்தால் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று பொருள்.

வீடியோ பாடம் நல்ல ஆசிரியரை நம் வீட்டுக்கு அழைத்து வருகிறது. நம் தெருவைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதை எழுதிச் சேர்க்க வேண்டியவர் கற்பவர்தான். அதைச் செய்பவருக்கு இது முழுமையான கல்வி என்று நான் உறுதியாகச் சொல்வேன். செய்து பாருங்கள்.