கைபேசியும் சார்ஜ் மெமோவும்

(வில்லாபுரம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைநிறுத்தம் செய்து வேலை இழந்தவர்களை நமக்குத் தெரியும். சங்கம் வைத்ததற்காக வெளியே தள்ளப்பட்டவர்களையும் தெரியும். இன்று இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் கைபேசியில் நாலு வரி எழுதுகிறோம். மறுநாள் காலையில் அது மானேஜர் மேஜையில் கிடக்கிறது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மிதந்தது. ஓமான் நாட்டில் லுலு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு மலையாளி, முகாமிலிருந்த பெண்களுக்கு வேண்டிய பொருள்களைப் பற்றி முகநூலில் ஆபாசமாகக் கிண்டல் செய்தார். மன்னிப்பும் கேட்டார். வேலை போயிற்று. அவருக்காக எந்தச் சங்கம் வாதாடும்? வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் கூலிக்காரர்கள்தானே!

இன்னொரு வழக்கு நம் மதுரையிலேயே தீர்ப்பானது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், சங்கத்தில் உழைப்பவர், சக ஊழியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் அதிகாரிகளைக் கண்டித்து எழுதினார். அது வெளியே போனது. சார்ஜ் மெமோ வந்தது. அவர் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். 2023ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மெமோவை ரத்து செய்தார். ஊழியருக்கு மனக்குறை இருப்பது இயல்பு. அதைத் தமக்குள் சொல்லி ஆற்றிக்கொள்ள உரிமை உண்டு. சட்ட வரம்புக்குள் நடந்த அந்தரங்கப் பேச்சு நிர்வாகத்தின் காதில் விழுந்துவிட்டது என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதை நம்பி மார்தட்ட வேண்டாம். அவர் கையில் மெமோ என்று ஒரு காகிதமாவது இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் வராது. "நாளையிலிருந்து வராதே" என்று காண்டிராக்டர் சொல்வதோடு சரி. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 300 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில்தான் நிலையாணைகளைக் கட்டாயமாக்குகிறது. வயலுக்குப் போகிற தாய்மாருக்கோ அப்படி எந்த ஏடும் இருந்ததில்லை. பண்ணைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்கிறார்கள். அதுவும் செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கில், பகிர்ந்தவரும் பொறுப்பாளியே என்று 2023ல் ஹைகோர்ட்டு சொல்லிவிட்டது.

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா? வில்லாபுரத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. குடிதண்ணீருக்காகப் போராடிய கவுன்சிலர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23ல் கொன்றார்கள். அவர் பேசியது ஊர் முழுவதற்கும் வேண்டிய விஷயம். பேசியது எல்லோர் முன்னாலும்.

கூலியில் பிடித்தால், பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்தால், எழுதத்தான் வேண்டும். நடுராத்திரியில் தனியாக அல்ல. என்ன தேதி, எந்த ஷிப்டு, எந்த மெஷின், எவ்வளவு பிடித்தம் என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கத்தில் கொடுங்கள். சூப்பர்வைசரின் தாயையும் சாதியையும் இழுத்து எழுதினால் அது புகார் ஆகாது. நிர்வாகத்துக்கு நாமே கொடுக்கிற சாட்சி.

ஏற்கனவே மெமோ வந்தவர்கள் பயந்துபோய் அன்றைக்கே பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மெமோவோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள்; குழுவில் யார் யார் இருந்தார்கள், என்ன எழுதினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.