வேடம் தந்த இரவும் போராட்டம் தந்த உரிமையும்



ஆண் பெண்வேடம் பூண்டு தடுமாறுவது மௌனப்படக் காலத்தின் வழக்கமான நகைச்சுவை. 1915இல் சாப்ளின் நடித்த ‘ஒரு பெண்’ அத்தகையது. 1918இல் ஜெர்மன் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் அதைத் தலைகீழாக்கினார். படத்தின் பெயர் ‘நான் ஆணாக இருக்க விரும்பவில்லை’.

ஓசி ஓஸ்வால்டா ஏற்ற நாயகி சீட்டாடுகிறாள், புகைக்கிறாள். அதற்காக அவளைக் கண்டிக்கும் ஆசிரியையோ, பறித்த சிகரெட்டைத் தானே புகைத்து மகிழ்கிறாள்! புதிதாக வரும் பாதுகாவலர் அவளை அடக்கியே தீருவேன் என்கிறார். அவள் ஆணின் விருந்துடை அணிந்து நடன அரங்குக்குச் செல்கிறாள். கதவுகள் திறக்கின்றன, ஆனால் நெரிசலில் இடிபடவும், பெண்களுக்கு இருக்கையை விட்டுக்கொடுக்கவும் நேர்கிறது. அவளை அறியாத பாதுகாவலர் உடன் குடித்து, முத்தமும் இடுகிறார். உண்மை வெளிப்பட்டபின், அடக்குவேன் என்ற சூளுரையை அவளே அவர்மீது திருப்புகிறாள்.

ஆணின் அதிகாரம் உடலில் இல்லை, சமூகம் அணிவித்த உடையில் இருக்கிறது என்பதை இந்தச் சிரிப்பு அம்பலப்படுத்துகிறது. ஆயினும் படம் காதலில் சமாதானமடைந்து முடிகிறது. விடிந்ததும் வேடம் கலைகிறது.

வரலாறு அங்கே முடியவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை என்பது 1891 எர்ஃபர்ட் திட்டத்திலேயே இடம்பெற்ற கோரிக்கை. கிளாரா ஜெட்கினும் சோஷலிசப் பெண்களும் ஆண்டுக்கணக்கில் அதற்காகப் போராடினர். நவம்பர் புரட்சி எழுந்தது. 1918 நவம்பர் 12இல் அவ்வுரிமை அறிவிக்கப்பட்டது. 1919 ஜனவரி 19இல் ஜெர்மன் பெண்கள் பெண்களாகவே சென்று வாக்களித்தனர்.

வேடம் தந்தது ஓர் இரவு. அணிதிரண்ட போராட்டம் தந்தது உரிமை.