வளையும் சட்டமும் வளையாத பெட்டியும்



மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து படுவான்கரை செல்லும் வாகனங்கள் அவ்விடத்தில் ‘பாதை’யேறியே வாவியைக் கடந்தன. பாதையென்று எம்மவர் வழங்குவது வாகனம் ஏற்றும் மிதவையை. கரையிலிருந்து அதில் ஏறுகையில் ஒரு முன்சில்லு உயரும், மற்றையது தாழும், பின்சில்லுகளோ மட்டமாய் நிற்கும். அவ்வேளை வாகனத்தின் அடிச்சட்டம் முறுகுகின்றது. பாலம் வந்தபின்னும், மாரி வெள்ளம் அரித்த எமது கிரவல் வீதிகளில் இம்முறுகல் நாளும் நிகழ்வதே.

இது சட்டத்தின் குறையன்று. லொறியின் அடியில் நெடுக ஓடும் உருக்கு விட்டங்கள் இரண்டும், பகரத்தைச் சரித்து வைத்தாற்போல ஒரு பக்கம் திறந்தவை. அவை பாரத்தைத் தாங்கும், முறுக்கலுக்கோ இணங்கும். தாளொன்றைக் குழலாகச் சுருட்டி, ஓரத்தைப் பசையிட்டு ஒட்டித் திருகிப் பாருங்கள், எளிதில் திருகாது. ஒட்டைப் பிரித்தபின் திருகுங்கள். வேறுபாடு கையிலேயே புலப்படும். இவ்விணக்கமே மேடுபள்ளத்தில் நான்கு சில்லுகளையும் நிலத்திற் பதிய வைக்கின்றது.

நெல் மூடை ஏற்றும் பலகைத் தட்டு சட்டத்தோடு தானும் சற்று நெளியும். நடமாடும் நூலகமோ, நடமாடும் வைத்தியசாலையோ அத்தகையதன்று. நாற்புறமும் கூரையும் மூடிய பெட்டி நெளியாது. அதனைச் சட்டத்தோடு இறுகப் பூட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று பொருதும். முதலிற் கதவு இறுகும். மூலை பிளந்து மழைநீர் புகுந்து நூல்களை நனைக்கும். ஈற்றில், பெட்டியின் முன்விளிம்பை அடுத்துச் சட்டமே வெடிக்கும்.

பரிகாரம் உண்டு. பெட்டிக்குத் தனியானதொரு துணைச்சட்டம் அமைத்து, பின்புறத்தை உறுதியாகப் பூட்டி, முன்புறத்தை வில்லின்மீதோ சுழலும் முளையின்மீதோ இருத்துவர். சாரதி அறைக்கும் பெட்டிக்கும் இடைவெளி விடுவர். விட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுதலும் வெல்டிங் செய்தலும் ஆகா. பாரம் பின்னச்சுக்கு அப்பால் மிகுந்தால் முன்சில்லுகள் இலேசாகித் திசைதிருப்பல் தளரும்.

பொறியியல் எனது துறையன்று. ஆயினும் பாடசாலைகளை நாடிவரும் வாகனங்களைப் பற்றி அதிபரொருவர் பேசுதல் பொருந்தும். இத்தகைய வாகனத்தைப் பொறுப்பேற்கையில் வர்ணப்பூச்சையும் இருக்கைகளையும் ஆராய்வோர் பலர். பெட்டி எங்ஙனம் பூட்டப்பட்டுள்ளதென்று குனிந்து பார்ப்போர் சிலரே. ஒரு முன்சில்லை மட்டும் சாணுயரக் கட்டையில் ஏற்றி நிறுத்தச் செய்து, பெட்டியின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகுமாயின் கையொப்பமிடாதீர்கள்.