அவள் அளவுக்கு ஒரு விண்கலம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இயற்பியல் படித்துவிட்டுப் படம் போடப் போனவன் நான். "படிச்சது வீணாப் போச்சே" என்று இன்றும் சிலர் வருத்தப்படுகிறார்கள். வீணாகவில்லை. சிறுவர் கதைக்காக நானே உருவாக்கிய விண்கலத் தலைவி யாழினியை வரையும்போதெல்லாம் இங்கே கற்ற பாடம்தான் கைகொடுக்கிறது.

கலத்துக்குள் அவளை எப்படி நிற்க வைப்பது? நிற்கவே வைக்கக் கூடாது! 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் கலமும் அவளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. எஞ்சின் ஓடினால் கதை வேறு. கலம் பாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் அவளுக்குத் தரையாகிவிடும்.

1973-74இல் ஸ்கைலாப் நிலையத்தில் தங்கியவர்களின் படங்களைப் பாருங்கள். உடம்பைத் தளர விட்டால் முழங்கால் லேசாக மடங்கும், கைகள் முன்னால் மிதக்கும், தலை சற்றுக் குனியும். இரத்தம் மேல்நோக்கி ஏறுவதால் முகம் உப்பும், கால் மெலியும். கூந்தல் நாலாபக்கமும் விரியும். ஆகவே, கால் விரலை மாட்டிக்கொள்ள ஒரு கம்பி, முடிக்கு ஒரு ரப்பர் வளையம், இரண்டையும் மறக்காமல் போடுங்க.

மின்விசிறியும் வேண்டும். அங்கே சூடான காற்று தானாக மேலே போகாது. விசிறி நின்றால், தூங்குபவர் விட்ட மூச்சே அவர் முகத்தைச் சுற்றித் தேங்கிவிடும்.

இனி நான் சொல்வதைத் தங்கைகள் கொஞ்சம் கவனமாகக் கேட்கணும். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்நடை போவதாக இருந்தது. இருவருக்கும் பொருந்தியது நடுத்தர அளவு உடை. நிலையத்தில் தயாராக இருந்ததோ அந்த அளவில் ஒன்றுதான். ஒருவர் இடத்தில் ஓர் ஆண் போனார். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்றுதான் கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மெயரும் சேர்ந்து வெளியே போனார்கள். இருவரிடமும் திறமைக்குக் குறைவில்லை, சட்டைக்குத்தான் குறைவு!

கலத்தை முழுசா வரைந்துவிட்டு, மிச்சமுள்ள மூலையில் பெண்ணை மிதக்க விடுவதுதான் பலர் வழக்கம். நான் யாழினியின் கை எட்டும் தூரத்தை முதலில் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்வேன். பிறகுதான் கைப்பிடி, விசைப்பலகை, ஜன்னல், உடை எல்லாம். அந்தக் கலம் அவளுக்காகக் கட்டியது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். படத்தைப் பார்க்கிற பத்து வயதுப் பெண், தனக்கும் அங்கே இடமுண்டு என்று நம்ப வேண்டாமா?

நாளை உங்களில் யாராவது நிஜக் கலமே வடிவமைக்கலாம். அப்போதும் ஆளை முதலில் அளந்துகொள்ளுங்கள்.